அக்கரை ஜாமீன்

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வக்கீல் குமாஸ்தா சொன்னதும் பெரியநாயகி நேராகப் போய்ச் சிறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மடையை யார் முதலில் திறப்பது என்ற தகராறில் பக்கத்து வயல்காரனை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டு உள்ளே போனவர் அவள் புருஷன் நீலமேகம். அவருக்கு இழுப்பு உண்டு. ஈரத்தரையில் படுத்து மூச்சுக்குத் திணறியதை முந்தாநாள் கம்பிக்கு வெளியே நின்று பார்த்திருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஆகியும் கதவு திறக்கவில்லை. அவளைத் தேடி வந்த குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். உத்தரவு மட்டும் போதாது, சொத்துள்ள ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், கோர்ட் கலைந்துவிட்டால் அப்புறம் திங்கட்கிழமைதான் என்றார்.

தம்பி குஞ்சிதபாதத்துக்கு ஆள் அனுப்பினாள். அவன் வீட்டுவரி ரசீதோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். ரசீதைப் பார்த்ததுமே குமாஸ்தா திருப்பிக் கொடுத்தார். அவள் ஊரான பூவத்தில் இவள் கொல்லையில் நின்று கூப்பிட்டால் தம்பி வீட்டுக்குக் கேட்கும். நடுவில் ஆறுதான். ஆனால் இக்கரை காரைக்காலைச் சேர்ந்தது, அக்கரை தமிழ்நாடு. அங்கிருந்து சரிபார்த்து வர வாரக்கணக்கில் ஆகுமாம்.

"தெனம் ஆத்துல எறங்கி மாடு ஓட்டிக்கிட்டு வர்றேன். இன்னக்கித்தான் நான் வெளியூரா?" என்றான் தம்பி.

"மாட்டுக்கு ஜாமீன்னா நீ போதும்யா," என்றார் குமாஸ்தா.

அவளுக்கு வேறு ஒரே ஆள்தான் தெரியும். அவர்கள் பயிர் செய்கிற நிலத்தின் சொந்தக்காரர் ஓகுஸ்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், காரைக்கால் டவுனிலேயே சொந்த வீடு. வெயிலில் ஓடினாள். விஷயத்தைக் கேட்டும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. பிரான்சில் இருக்கும் மகளிடம் போகப் போவதாகவும், வீட்டை விற்கப் பேச்சு நடப்பதாகவும் இழுத்தார்.

"ஒரு கையெழுத்துதானேண்ணே."

"கையெழுத்து இல்லம்மா. ஜாமீன்னா அவனுக்குப் பதிலா நான் மாட்டிக்கிறேன்னு அர்த்தம். அவன் வாய்தாவுக்கு வரலன்னா என் வீட்டுக்குத்தான் வருவாங்க. வருவானா, சொல்லு."

வருவார் என்று அவளுக்கே நிச்சயமில்லை. புருஷனின் முன்கோபம் ஊருக்கே தெரியும். கோர்ட் கலைகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் கூட்டிட்டு வர்றேண்ணே. ஒவ்வொரு வாய்தாவுக்கும்."

ஓகுஸ்தேன் எழுந்து சட்டையை மாட்டினார்.

கோர்ட் கலைவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். சாயந்திரம் நீலமேகம் வெளியே வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இருமிக்கொண்டே சொன்னார்:

"இனிமே அந்தக் கோர்ட்டுப் படிய மிதிக்கவே மாட்டேன், பாத்துக்க."

பத்துப் பேர் பார்க்க அவர் கையைத் தொட்டே அறியாதவள், அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறினார். பூவம் வருகிறவரை அவள் விடவில்லை.