திரையில் ஓடிய வகுப்பு

குக்கர் விசில் அடங்கினால்தான் வேதியியல் டீச்சருக்குப் பாடம் ஆரம்பிக்கும். படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, அலமாரியில் ஒட்டிய வெள்ளைத்தாளில் எழுதியபடியே, நாற்காலி முதுகில் கட்டிவைத்த கைபேசியைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்வாள். கேட்பதற்கு ஒரே ஆள்தான். பேருந்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வேறோர் ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்த அக்கா மகள்.

"நல்லாப் புரியுது சித்தி. ஆனா கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பின்னாடி நாய் துரத்துற மாதிரி ஓடுறீங்க" என்று அவளிடமிருந்து பதில் வரும்.

"என்னைத் திட்டுறதையும் இப்படியே பதிவு பண்ணிக் குடேன். வேண்டாத எடத்துல நிறுத்திக்கலாம்" என்பார் கணவர்.

அக்கா மகள் தேறி, பரீட்சையும் எழுதித் தேர்ந்தாள். அவளுடைய தோழிகள் அந்தப் பாடங்களைக் கேட்டார்கள். டீச்சர் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டாள். முகம் தெரியாத பிள்ளைகள் இயற்பியலும் கணக்கும் வேண்டுமென்று எழுத, பழைய மாணவன் ஒருவன் அதற்கென்றே ஒரு தளம் கட்டிக் கொடுத்தான். மற்ற பாட ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். விலைக்குக் கேட்டு வந்த நிறுவனத்தாரைத் தண்ணீர் கொடுத்து வழியனுப்பினாள். காசு வாங்கக் கூடாது என்பதில் அவள் பிடித்த பிடியை யாராலும் அசைக்க முடியவில்லை.

சில வருடங்களில் பார்ப்பவர்கள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். கல்வி அதிகாரி ஒருவர் வீடு தேடி வந்து, "எங்க பள்ளிக்கூடம் எல்லாத்துலயும் இனி வகுப்புத் திரையில உங்க பாடம்தான்" என்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திரைக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பள்ளிகளில் ஒன்றில் ஒரு மாணவி அமிலம் தெறித்து வெந்துபோனாள் என்று ஒருநாள் செய்தி வந்தது. கிடைத்த பேருந்தில் ஏறி ஓடினாள் டீச்சர்.

தலைமை ஆசிரியர் மருத்துவமனை வாசலிலேயே நின்றிருந்தார். "வேதியியல் வாத்தியார் ஓய்வு பெற்றுப் போயிட்டாரும்மா. வேற ஆள் கேட்டேன். அதான் திரை இருக்கே, வாத்தியார் எதுக்குன்னுட்டாங்க."

"அப்ப ஆய்வகத்துல யார் இருந்தா?"

அவர் தரையைப் பார்த்தார். "காவலாளிதான் திரையில பாடத்தைப் போட்டுவிட்டுட்டு வாசலுக்குப் போயிட்டார்."

கட்டிலில் இருந்தவளின் பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. பக்கத்தில் தையல் ஆலையில் வேலை பார்க்கும் அவளுடைய அம்மா. டீச்சர் வாய் திறந்ததுமே அந்த அம்மா எழுந்து நின்றாள். "நீங்கதானா? குரலைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு. வீட்டுலயும் இவ உங்க பாடத்தைத்தான் ஓடவிட்டுக்கிட்டே இருப்பா." அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலாம் என்றிருந்தது டீச்சருக்கு.

"என்னம்மா ஆச்சு?"

"பாடம் நடுவுல நின்னுபோச்சு டீச்சர்" என்றாள் மாணவி மெதுவாக. "அமிலத்துல தண்ணியை ஊத்தணுமா, தண்ணியில அமிலத்தை ஊத்தணுமான்னு தெரியல. நான் கையைத் தூக்கினேன். ரொம்ப நேரம் தூக்கிக்கிட்டே நின்னேன். அப்புறம்தான் நீங்க அங்க இல்லைன்னு உறைச்சுது. நானாவே அமிலத்துல தண்ணியை ஊத்திட்டேன், பொங்கித் தெறிச்சிருச்சு."

டீச்சர் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கண் இனித் தெரியாது என்று மருத்துவர் வெளியே வைத்துச் சொன்னார்.

மறுநாள் அதிகாரியின் அறைக்குப் போனாள். வகுப்பில் ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் தன் பாடத்தை ஓட்டக் கூடாது என்றாள்.

"ஒரு விபத்துக்காக இத்தனை பிள்ளைங்க படிப்பை நிறுத்தச் சொல்றீங்களா மேடம்?"

"படிப்பை நிறுத்தச் சொல்லல சார். வாத்தியாரை அனுப்பச் சொல்றேன். இருக்குற வாத்தியாருக்குத் துணையா இருக்கட்டும்னுதான் இதைச் சும்மா குடுத்தேன். நீங்க அதையே சாக்கா வச்சு அவரையே இல்லாம பண்ணிட்டீங்க. எத்தனை லட்சம் பேர் பாக்குறாங்கன்னு எண்ணிப் பூரிச்சுக்கிட்டு நானும் சும்மா இருந்துட்டேன். உங்க தப்புல பாதி என்னோடது." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தும் அவள் நிறுத்தவில்லை. "திரை பாடம் சொல்லும் சார், பிள்ளையைப் பாக்காது. ஒரு பிள்ளை கையைத் தூக்குனா, என்னன்னு கேக்க வகுப்புல ஒரு மனுஷர் இருக்கணும். அது இல்லாத எடத்துக்குப் பள்ளிக்கூடம்னு பேர் வைக்காதீங்க."