பருவம் தப்பிய குட்டிகள்

2019 பிப்ரவரி ஆறாம் தேதி, மங்கோலியாவின் பயன்ஹொங்கோர் மாகாணத்தில், சந்திரப் புத்தாண்டின் இரண்டாம் நாள் காலை, பல்ஜின்யாமின் கிடையில் ஒரு செம்மறி குட்டி போட்டது. அப்போது குளிர் சுழியத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி.

அந்தப் பள்ளத்தாக்கில் ஆடுகள் ஏப்ரல் கடைசியில்தான் ஈனும். புல் தலைகாட்டும் நேரத்துக்குக் குட்டி விழ வேண்டுமானால், நவம்பர் கடைசி வரைக்கும் கிடாக்கள் பெட்டைகளின் வாசனை படாத தூரத்தில் இருக்க வேண்டும். அதற்காகக் கோடை தொடங்கியதும் எல்லாக் குடும்பங்களும் தங்கள் பொலிகிடாக்களை ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிடும். அந்த ஆள் அவற்றை மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டிப்போய், நவம்பர் வரைக்கும் கட்டிமேய்த்து, மறுபடி கொண்டுவந்து விட வேண்டும். நான்கு ஆண்டுகளாக அந்த ஆள் நாம்ஜில்மா.

யாரும் விரும்பிக் கேட்காத வேலை அது. பெட்டை இல்லாத கிடாக்கூட்டம் நாள் முழுக்க ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும். இலையுதிர்காலம் வந்துவிட்டால் காற்றில் மூக்கை நீட்டியபடி மலையையே பார்த்து நிற்கும். ஊரார் அவளை "மாப்பிள்ளைகளுக்கு மாமியார்" என்பார்கள். ஒரு கொடும் பனியில் அவளும் அவள் கணவன் சம்பூவும் சொந்த மந்தையைப் பறிகொடுத்திருந்தார்கள். கிடா மேய்ப்பும் இல்லையென்றால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டியதுதான்.

பல்ஜின்யாம் மறுநாளே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "நாயைப் பிடிங்க!" என்ற சத்தம் கேட்டு நாம்ஜில்மா வெளியே வந்தாள். அவர் கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும் மூக்குப்பொடிக் குப்பியை இரண்டு கைகளாலும் நீட்டினார். புத்தாண்டில் அது இல்லாமல் பேச்சு தொடங்காது. அவளும் வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"உள்ள வாங்கண்ணே. டீ கொதிக்குது."

"உள்ள வரல தங்கச்சி. கையில இருக்கறத உள்ள கொண்டுவரக் கூடாது."

மேலங்கியின் மடிப்பிலிருந்து ஒரு குட்டியை எடுத்துப் பனியில் வைத்தார். செத்து விறைத்துப்போயிருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை. இடது கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம்.

"யாரு முகம்னு தெரியுதா?"

தெரிந்தது. பல்ஜின்யாமின் சொந்தக் கிடாவின் முகம். கோடை முழுக்க அவள் மேய்த்த வளையக்கண்ணன்.

"செப்டம்பர்ல புழுதிக்காத்து அடிச்சப்ப அவன் அரை நாள் காணாமப் போனான்னு நீயேதான் சொன்ன."

"நானேதான் சொன்னேன். மலைக்கு இந்தப் பக்கம் நின்னான், புடிச்சிட்டு வந்தேன். வயித்துல கம்பளித் துண்டு கட்டியிருந்தது."

"நேரா இருந்ததா?"

ஏறப் பார்த்தாலும் காரியம் நடக்காதபடி கிடாவின் வயிற்றுக்கு முன்னால் தொங்கவிடும் கம்பளித் துண்டு அது. அன்றைக்கு அது ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"கோணியிருந்தது," என்றாள்.

"அப்ப பேச என்ன இருக்கு? அவன் அரை நாள்ல முடிச்சிட்டுப் போனதுக்கு நான் இந்தக் குளிர்ல குட்டி பொறுக்கிட்டிருக்கேன். ஜூன்ல எல்லாரும் கூடுவோம்ல, அப்ப பேசிக்கலாம், கிடாவை யார்கிட்ட விடறதுன்னு."

அவர் போன பிறகு சம்பூ வெளியே வந்து குட்டியைப் பார்த்தான். "நம்மாளுதான்," என்றான்.

"மாதிரிதான் இருக்கு."

"மாதிரி என்ன மாதிரி? கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு. போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு. கோபம் ஆறிரும்."

"நம்மாளுதான்னா கேக்கறேன். ஆனா அதுக்கு முன்ன எனக்குத் தெரியணும்."

அவளைக் குடைந்தது பயம் மட்டுமல்ல. வளையக்கண்ணன் நல்ல வயதுக் கிடா. பெட்டைகள் பருவத்தில் இருக்கும் செப்டம்பரில் அப்படியொரு கிடா அரை நாள் மந்தைக்குள் புகுந்திருந்தால் சும்மா விட்டிருக்காது. அப்படியானால் இந்நேரம் ஏன் ஒரே ஒரு குட்டி?

பிப்ரவரி முடியும்போது, பல்ஜின்யாமின் மந்தையில் இன்னும் ஈனுகிறதாம் என்று பேச்சு வந்தது. நாம்ஜில்மா குதிரையில் சேணம் பூட்டினாள்.

பல்ஜின்யாமின் கூடாரத்துக்குள் குட்டிகளின் மூத்திர வாடை. அடுப்பைச் சுற்றிக் குட்டிகள் படுத்திருந்தன. அவர் மனைவி ஹாந்தா, பழைய கம்பளிச் சட்டையில் சுற்றிய ஒன்றை மடியில் வைத்துப் பால் ஊட்டிக்கொண்டிருந்தாள். பல்ஜின்யாம் படுக்கையில் உட்கார்ந்து சேணத்தின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"பாவத்தைப் பாக்க வந்தியா?" என்றார்.

"குட்டிங்களப் பாக்க வந்தேன். அண்ணி, இதெல்லாம் எப்ப எப்ப பொறந்தது?"

"அத ஏன் கேக்கற!" ஹாந்தா பேசுவதற்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் ஆரம்பித்தாள். "புத்தாண்டப்ப ஒண்ணு. அது போச்சு. ஒரு வாரம் சும்மா இருந்துச்சு. அப்புறம் ரெண்டு. அப்புறம் முந்தாநாள் காத்துல மூணு. இந்தா இவ நேத்து ராத்திரி. ஒண்ணு வளந்து எழுந்திரிக்கறதுக்குள்ள அடுத்தது. என்னால படுக்க முடியல."

"கொஞ்சம் கொஞ்சமா வருது."

"ஆமா, சொட்டு சொட்டா."

நாம்ஜில்மா உப்புத் தேநீரை ஒரு வாய் குடித்தாள். "அண்ணே, என் கிடா வந்தது ஒரே ஒரு மத்தியானம். அவன் வேலையா இருந்தா எல்லாம் ஒரு வாரத்துல பொறந்து முடிஞ்சிருக்கணும். ஒரு மத்தியானத்துக் குட்டிங்க மாசம் பூராவும் வருமா?"

பல்ஜின்யாமின் ஊசி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. "சிலது முன்ன பின்ன வரும்."

"ரெண்டு மூணு நாள் வரும். இப்படி வராது."

"பெரிய துப்பறியும் ஆளு. அப்ப யாரு? நானா?"

"உங்க முகத்துல வளையம் இல்லையே," என்றாள் ஹாந்தா.

நாம்ஜில்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பல்ஜின்யாம் இருவரையும் முறைத்தார்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லலண்ணே. யாரோ ஒருத்தன் செப்டம்பர்லருந்து உங்க மந்தையிலேயே இருந்திருக்கான். அப்படின்னா இது இதோட நிக்காது. மிச்சம் இருக்கறதுங்க மடியையும் பாத்துரலாம். எத்தனைக்கு இடம் ஒதுக்கணும், எவ்வளவு வைக்கோல் வாங்கணும்னாவது உங்களுக்குத் தெரியும்."

அதுதான் அவரை எழுப்பியது. வைக்கோல் கையிருப்பு குறைந்துகொண்டிருந்தது.

மந்தை திரும்பும் நேரத்தில் மூவரும் பட்டிக்குப் போனார்கள். பல்ஜின்யாம் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்த, நாம்ஜில்மா மண்டியிட்டு மடியையும் அடிவயிற்றையும் தடவிப் பார்த்தாள். சிலது இந்த வாரமே ஈனும். சிலதுக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும். பலது ஏப்ரலுக்கானவை. எல்லாக் காலத்துக்கும் ஒவ்வொன்று இருந்தது. ஒரு மத்தியானத்தின் வேலை இல்லை என்பது பல்ஜின்யாமுக்கே தெரிந்தது.

மந்தையின் கடைசியில், வழக்கம்போல யாரும் விரட்டாமல் தன் போக்கில் வந்துகொண்டிருந்தது மலையவர்.

அது மலைக்கு நேர்ந்துவிட்ட ஆடு. போன வசந்தத்தில் பல்ஜின்யாம் நெஞ்சு வலியில் படுத்தபோது, வெள்ளை உடம்புக் கிடாக்குட்டி ஒன்றை மலைக்கு விடச் சொன்னார் லாமா. அந்த ஆண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் ஏப்ரல் பாதியிலேயே பிறந்த குட்டியை விட்டார்கள். கழுத்தில் ஐந்து நிற நாடா கட்டினார்கள். அதை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, அதன்மேல் இரும்பு படக் கூடாது. ஹாந்தா அதை இரண்டு தாய்களிடம் பால் குடிக்க விட்டிருந்தாள். தினமும் காலையில் அதன் முதுகில் பால் தெளிப்பாள். பெயர் சொல்லமாட்டார்கள், 'அவர்' என்பார்கள். நாம்ஜில்மாவும் மற்றவர்களைப் போலவே நெற்றியைத் தொட்டு ஒதுங்கி நின்றாள்.

மலையவர் ஒரு பெட்டையின் பின்னால் போய் நின்றது. முகர்ந்தது. கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, பல் தெரிய வானத்தைப் பார்த்தது.

பெட்டையைத் தேடும் கிடாவின் அந்த முகத்தைத்தான் நாம்ஜில்மா நான்கு கோடைகாலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணைச் சுற்றி வளையமும் இருந்தது. வளையக்கண்ணனின் மகன்தானே, இல்லாமல் எங்கே போகும்?

இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நேர்ந்துவிட்ட ஆட்டைக் குறை சொன்னால் சொன்னவர் வீட்டுக்கு ஆகாது. கூடாரத்துக்குத் திரும்பி, இரண்டாவது கோப்பை தேநீர் முடியும் வரைக்கும் காற்றைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் பேசினாள்.

"அண்ணி, போன வருஷம் குட்டிங்களுக்குக் காயடிச்ச அன்னிக்கு, மலையவர் எங்க இருந்தார்?"

"இங்கதான். நானே உள்ள தூக்கிட்டு வந்து வச்சிட்டேன். அவர் கண்ணுல கத்தியே படக் கூடாதே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லாம் முடிஞ்சு கத்தியைக் கழுவினதும் வெளிய விட்டேன்."

ஹாந்தா கொதிக்கும் தேநீரைக் கரண்டியால் ஒரு முறை தூக்கி ஊற்றினாள். இரண்டாம் முறை கரண்டி பாதியில் நின்றது. கணவனைப் பார்த்தாள்.

"அது குட்டி," என்றார் பல்ஜின்யாம்.

"ஜூன்ல நான் கிடா வாங்க வந்தப்ப குட்டிதான். அதனாலதான் நானும் கேக்கல."

"அது மலையோடது. அது இந்த மாதிரி..." அவர் சொல் தேடினார். "அதுக்கு அந்த நெனப்பெல்லாம் இருக்காது."

"ரெண்டு தாய்ப்பால் குடிச்ச உடம்பு," என்றாள் ஹாந்தா, மெதுவாக. "நான்தான் குடுத்தேன்."

"நாங்க யாரும் அவரைக் கிடாவா நெனச்சே பாக்கலயேம்மா," என்றார் பல்ஜின்யாம். குரலில் கோபம் போய் வியப்பு இருந்தது. "தினமும் கும்புடுறோம். கண்ணு முன்னாலயே நடந்திருக்கு."

"கும்புடுறப்ப தலை குனிஞ்சிருக்கும், எப்படித் தெரியும்?" என்றாள் ஹாந்தா.

"வாயை மூடு. புத்தாண்டு மாசம்."

அப்படிச் சொன்னாலும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் இருண்டது. "வெளிய சொன்னா ஊர் சிரிக்கும். மலைக்கும் அவமானம்."

"எனக்கு வேலை போயிரும்ணே," என்றாள் நாம்ஜில்மா. "நான் அதைத்தான் சொல்ல முடியும். மத்ததை நீங்க பாத்துக்கங்க."

அவர் சேணத்தின் வாரை மறுபடி கையில் எடுத்தார்.

மறுநாள் பல்ஜின்யாம் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் லாமாவைக் கூப்பிட்டார். நெடுநேரம் சுற்றி வளைத்துப் பேசிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். லாமா இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு சொன்னார்: அவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினால் வீட்டின் அதிர்ஷ்டமும் கூடப் போகும், அதனால் கிடாக்களோடு சேர்த்து அனுப்ப வேண்டாம். இரும்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கழுத்தில் நாடா கட்டியவருக்கு வயிற்றில் ஒரு கம்பளித் துண்டு கட்டினால் மலை ஏன் கோபிக்கப் போகிறது? சுத்தமான கம்பளியாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

ஜூன் தொடக்கத்தில் ஓடைக்கரையில் குடும்பங்கள் கூடின. யார் கிடா மேய்ப்பது என்று பேச்சு வந்ததும் ஒருவர், புழுதிக்காற்றில் கிடா தப்பிய கதையை எடுத்தார். எல்லோரும் நாம்ஜில்மாவைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த தயிர்க்கட்டியைக் கடிக்காமல் வைத்திருந்தாள்.

"அது இவ கிடா இல்ல," என்றார் பல்ஜின்யாம்.

"பின்ன?"

"எங்க வீட்டு மலையவர்."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப அந்தக் குட்டிங்களுக்கும் நாடா கட்டணுமா அண்ணே?" ஓடைக்கரை முழுக்கச் சிரித்தது. பல்ஜின்யாம் மூக்குப்பொடிக் குப்பியை எடுத்துத் திறந்து, நெடுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார்.

பருவம் தப்பிப் பிறந்த குட்டிகளில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. அந்த வாரமே எல்லாக் குடும்பங்களும் தங்கள் கிடாக்களை நாம்ஜில்மாவிடம் ஓட்டிவந்து விட்டன. இந்த முறை அவள் ஒவ்வொரு வீட்டிலும் நேர்ந்துவிட்ட ஆடு இருக்கிறதா என்று கேட்டாள். மூன்று வீடுகளில் இருந்தது. மூன்றுக்கும் கம்பளித் துண்டு தைத்துக் கொடுத்துவிட்டு, கிடாக்களை மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டிப்போனாள்.