எது பெஸ்டோ அது

சென்னையில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் எல்கேஜி இடம் கிடைத்தால் வர்ஷினி அப்பாவிடமே இருக்கலாம். கிடைக்காவிட்டால் தாத்தா ராகவேந்திரன் அவளை நாக்பூருக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார். வேம்புவின் மனைவி வனஜாவின் முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடிந்து வாத்தியார் வாசற்படி இறங்குவதற்குள் மாமனார் இதைச் சொல்லிவிட்டார்.

"நான் பிடிவாதம் பிடிக்கலை, வேம்பு. குழந்தைக்கு எது பெஸ்டோ அதைச் சொல்றேன். நீ கார்த்தால போனா விளக்கு வெச்சு வரே. இந்த ஊர்லயே பெஸ்ட் ஸ்கூல்னு ஒண்ணு பாத்து சீட் வாங்கிடு. அப்புறம் நான் வாயைத் திறக்கலை."

வேம்பு தலையாட்டினான். அந்த வருஷம் முழுவதும் யார் எது சொன்னாலும் தலையாட்டியே பழகியிருந்தான்.

தேனாம்பேட்டையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் அவனுக்கு வேலை. இங்கிலீஷில் வரும் விளம்பரங்களைத் தமிழில் எழுத வேண்டும். பெஸ்ட் என்ற சொல் இல்லாத விளம்பரமே கிடையாது. குக்கர் என்றால் 'தலைசிறந்த' என்று போடுவான். காப்பிப்பொடிக்கு 'உயர்ரக'. பட்டுப்புடவைக்கு 'ஈடு இணையற்ற'. ஒரே வாரத்தில் மூன்று மிக்ஸிகளை நாட்டிலேயே மிகச்சிறந்ததாக ஆக்கியிருக்கிறான். எப்படி மூன்றும், என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தச் சொல்லை அவன் பொருட்படுத்துவதை விட்டு வெகுநாளாகியிருந்தது. இப்போது அதைச் சொல்லித்தான் குழந்தையைக் கேட்கிறார்கள்.

எல்கேஜி இன்டர்வியூவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் தி.நகர் ஜலஜா மிஸ்ஸுக்கு நல்ல பெயர். மாடியறையில் குட்டி நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார்.

"இந்த வருஷம் எல்லா ஸ்கூல்லயும் பெஸ்ட்தான் சார் கேக்கறாங்க. பெஸ்ட் ஃப்ரெண்ட் யாரு, பெஸ்ட் கலர் எது. உனக்குப் பிடிச்சது எதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். பதில் நாக்கு நுனியில இருக்கணும்." வர்ஷினியின் பக்கம் திரும்பினார். "ஹூ இஸ் தி பெஸ்ட் குக் இன் யுவர் ஹவுஸ்?"

வர்ஷினி கையைக் கட்டிக்கொண்டாள். "மை மம்மி இஸ் தி பெஸ்ட் குக்."

"மிஸ், அவளுக்கு..."

"தெரியும் சார். எல்லாப் பிள்ளைங்களுக்கும் இதே பதில்தான். இவளுக்கு மட்டும் மாத்தினா ஏன்னு தோண்டுவாங்க. அம்மா இல்லாத வீடுன்னா ஹோம்வொர்க் யார் பாப்பாங்கன்னு ஓரம் கட்டிடுவாங்க." மிஸ் குரலைத் தாழ்த்தினார். "அப்பா அம்மா ரெண்டு பேரும் உக்காரணும். அம்மான்னு சொல்லி யாரையாவது கூட்டிட்டுப் போங்க சார்."

வனஜாவின் தங்கை நீரஜா அடையாறில் பெண்கள் விடுதியில் தங்கி ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேம்பு அவளிடம் விஷயத்தைச் சொன்னான். "ஒரு அரை மணி நேரம்தானே, அத்திம்பேர்," என்றாள்.

இன்டர்வியூ அன்று காலை வேம்புவின் மயிலாப்பூர் வீட்டுக்கு அவள் பட்டுக்கரைப் புடவையில் வந்தாள். கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டிருந்தாள், தாலி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் முத்தம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தோ, அப்டியே அக்கா மாரியே கீதே!"

நீரஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முத்தம்மா அதைக் கவனிக்காமல் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். "இன்னா கேட்டாலும் டக்கு டக்குனு சொல்லணும், இன்னா? ஆல் தி பெஸ்ட்டு!"

ஆட்டோவில் வேம்பு நீரஜாவிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "அங்க என்னை அத்திம்பேர்னு கூப்பிடவே கூப்பிடாதே, அக்கா ஆத்துக்காரர்னு தெரிஞ்சுடும். எதானாலும் 'இங்க பாருங்கோ'ன்னு சொல்லு. போதும்."

"சரி அத்திம்பேர்."

"பாத்தியா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மாமனாரிடமும் சொல்லி விண்ணப்பம் போட்டிருந்த அடையாறுப் பள்ளியின் வராண்டாவில் வரிசையாக அம்மாக்கள் பிள்ளைகளின் காதில் கடைசியாக எதையோ ஓதிக்கொண்டிருந்தார்கள். பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே பிரின்ஸிபல் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மூவரையும் பார்த்தார். நீரஜாவை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்ததுபோல வேம்புவுக்குப் பட்டது.

கலர் கேட்டார். ஃப்ரெண்ட் கேட்டார். வர்ஷினி தயங்கவில்லை. 

"ஹூ இஸ் தி பெஸ்ட் குக் இன் யுவர் ஹவுஸ்?"

"மை மம்மி இஸ் தி பெஸ்ட் குக்."

"வெரி குட்! மம்மி என்ன பண்ணுவா?"

 வர்ஷினி அப்பாவின் முழங்காலைத் தொட்டாள். "அதுக்கு மிஸ் பதில் சொல்லிக்குடுக்கலையேப்பா."

பிரின்ஸிபல் சிரித்துவிட்டார். "தெரியலையா? அம்மாவைக் கேட்டுச் சொல்லு பாப்போம்."

குழந்தை நீரஜாவைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தாள். யாரோ வரப்போவதுபோல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்திம்பேர், அவளுக்குக் கொஞ்சம் தண்ணி..." என்று நீரஜா எழுந்தேவிட்டாள்.

பிரின்ஸிபலின் பேனா நின்றது. "அத்திம்பேரா?"

 மேலே மின்விசிறி கடகடத்தது. வேம்பு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இவ என் மச்சினி, மேடம். இவளோட அக்கா போய் ஒரு வருஷம் ஆறது."

பிரின்ஸிபல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அடக்கமான இங்கிலீஷில், விண்ணப்பங்கள் நிறைய வந்திருக்கின்றன என்றார். கமிட்டி கூடும் என்றார். "வி வில் டூ அவர் பெஸ்ட்."

அந்த வாக்கியத்தை வேம்பு ஒருமுறை கேட்டிருக்கிறான். வனஜாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று டாக்டர் சொன்னார். அன்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். எல்லாம் முடிந்துவிட்டது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது மறுநாள்தான் புரிந்தது.

"அது வேண்டாம் மேடம்," என்றான். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "சீட் உண்டா, இல்லையா? இப்பவே சொல்லிடுங்கோ."

பிரின்ஸிபல் அவனை நேராகப் பார்த்தார்.

"இல்லை. பொய் சொல்லிண்டு வந்து உக்காந்தேள். நான் என்ன பண்ணட்டும்?"

"சரி மேடம்," என்று எழுந்துகொண்டான்.

ஆட்டோவில் நீரஜா தேம்பினாள். "எல்லாம் என்னால. அப்பாகிட்ட என்ன சொல்றது?"

"அழாதே. அவ பாக்கறா."

வீட்டுத் தெரு முனையில் கீழே மாவு மில்லும் மேலே ஒரு பள்ளிக்கூடமுமாக ஒரு கட்டடம். அந்தப் பள்ளியைத் தினமும் கடந்து போயிருக்கிறான், ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அங்கேயே ஆட்டோவை நிறுத்தச் சொன்னான். மாடியில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஜஹனாரா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா வரலையா?"

"அம்மா இல்லை."

"சாயங்காலம் யாரு வந்து கூட்டிட்டுப் போவாங்க?"

"வீட்டுல இவளைப் பாத்துக்கற முத்தம்மா வருவாங்க. ஆறு மணிக்கு மேல நான் வீட்டுக்கு வந்துடுவேன்."

"லேட்டாக்கிடாதீங்க, வாட்ச்மேன் முணுமுணுப்பாரு. ஜூன்ல அனுப்புங்க."

அவ்வளவுதான். இறங்கும்போது வேம்புவின் சட்டையெல்லாம் மாவு. நீரஜாவை அதே ஆட்டோவில் விடுதிக்கு அனுப்பிவிட்டு, எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குள் குழந்தையோடு நுழைந்தான்.

"மாமா, வர்ஷினிக்கு ஸ்கூல் கிடைச்சுடுத்து."

"அடையாறுலயா? பேஷ்!"

"இல்லை. நம்ம தெரு முனையில."

"தெரு முனையிலயா? அது ஒரு ஸ்கூலா, வேம்பு? நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணியிருக்கே?"

"பரவாயில்லாத ஸ்கூல் மாமா. நடந்து போய் விட்டுட்டு வரலாம்."

"பரவாயில்லையாம்! வனஜா இருந்தா இதுக்கு ஒத்துண்டிருப்பாளா? குழந்தைக்கு எது பெஸ்ட்னு உனக்கு..."

"எனக்குத் தெரியலை மாமா. ஆனா அவ என்கூடத்தான் இருப்பா."

 ராகவேந்திரன், "ஞாயித்துக்கிழமை ரயிலேறி நானே வரேன்," என்றார்.

"வாங்கோ. எத்தனை நாள் வேணுமோ இருந்துட்டுப் போங்கோ. அவளைக் கூட்டிண்டு போக மட்டும் வராதேங்கோ."

மறுமுனையில் ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. வேம்புவும் வைத்தான். கண்ணாடிக் கதவுக்குள் வெக்கையாக இருந்தது. வர்ஷினி தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் சட்டையிலிருந்த மாவைத் தட்டினான்.  போகவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டான்.