தாய்மரம் பார்க்க வந்தவள்

ஆயக்குடியில் கொய்யாக் கன்று வாங்க வருகிறவர்கள் முதலில் தாய்மரத்தைக் காட்டச் சொல்வார்கள். பதியம் போட்ட கன்று தாய் எப்படியோ அப்படித்தான் காய்க்கும். பருமனோ நிறமோ இனிப்போ மாறாது.

மணிமேகலையும் அப்படித்தான் கேட்டாள். கன்று ஒரு சாக்கு. தங்கை மகன் விக்னேஷ்குமாருக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறாள் என்பது கன்று போட்டு விற்கும் நாகஜோதிக்கும் அவள் அப்பா சோலைமுத்துவுக்கும் தெரியும். விக்னேஷ்குமாரோடு நாகஜோதி போனில் பேசியிருந்தாள். பிடித்திருந்தது.

நாகஜோதி ஒரு கிளையில் மோதிரம்போலப் பட்டையை உரித்து, ஈரப் பாசி வைத்து, பாலித்தீன் தாளால் இறுகக் கட்டினாள்.

"வேர் விட்டதும் அறுத்து வச்சாக் கன்னு. அப்படித்தானே கண்ணு?" என்றாள் மணிமேகலை.

"ஆமாங்க."

"கொட்டை போட்டு முளைச்சா?"

"அது எப்படி வரும்னு சொல்ல முடியாதுங்க."

மணிமேகலை ஒரு காயைக் கிள்ளி முகர்ந்தாள். "மரத்துக்குத் தாயைக் காட்டிட்டீங்க. பொண்ணுக்கும் காட்டோணுமில்ல?"

சோலைமுத்து பதறினார். "அவ போய் எத்தனையோ வருசமாச்சுங்க. இவ அவ மாதிரியே இல்லீங்க. ஒரு சாயல்கூடக் கிடையாது."

அம்மா பொன்னழகு தொப்பம்பட்டிக்காரர் ஒருவரோடு போன நாளிலிருந்து அப்பா இதையேதான் சொல்லி வருகிறார். அதை மெய்யாக்கவே நாகஜோதி தன்னைக் கிளை கிளையாகக் கழித்துக்கொண்டு வந்தாள். அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். இவள் உதட்டை மூடிக்கொண்டாள். அம்மா கனகாம்பரம் வைப்பாள். இவள் பூவையே விட்டாள். ஒருநாள் விக்னேஷ்குமார் ஏதோ சொன்னதற்கு இவள் உரக்கச் சிரித்துவிட்டு, பயந்து போனை வைத்தாள். இப்போது மணிமேகலைமேல் எழுந்த கோபம் அப்பாவைத் தாண்டி, தன்மேலேயே வந்து விழுந்தது.

"பதியம் போட்டாத்தானுங்க தாய் மாதிரியே வரும். நான் கொட்டையில முளைச்சவ" என்றாள். சொன்ன பிறகு அதுவும் அப்பாவின் பேச்சாகவே பட்டது. "ஆனா எங்கம்மா மூக்கு எனக்கு இருக்குது. சிரிப்பும் இருக்குது. அவங்களப் பாக்கோணும்னா தொப்பம்பட்டி போங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பச்சைக் கேட்டு வீடு. டீ குடுப்பாங்க."

"அம்புட்டுத் தூரம் எதுக்கு? இங்கயே பாத்தாச்சு" என்று மணிமேகலை செருப்பை மாட்டினாள். கன்று வாங்கவில்லை.

அவள் வண்டி போனதும் சோலைமுத்து கேட்டார். "அந்த வீடு உனக்கு எப்படித் தெரியும்?"

"போயிருக்கேன்."

"என்கிட்டச் சொல்லலியே."

"சொன்னா நான் அவ மாதிரி ஆயிருவேனேப்பா. ஒரு சாயலும் இல்லாம வளத்தவர் நீங்க."

அவர் முகம் தொங்கியது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. அந்த முகமும் ஆத்திரத்தையே கூட்டியது. அடுத்த கிளையைப் பிடித்தாள். கோபத்தில் பட்டை உரித்தால் கத்தி கட்டைக்குள் இறங்கும், கிளை பட்டுப்போகும். கத்தியைக் கீழே வைத்தாள்.

மணிமேகலை ஊர் போய்ச் சேருவதற்குள் விக்னேஷ்குமாருக்கு நாகஜோதியே போன் போட்டாள். "உங்க பெரியம்மா வந்தாங்க. சண்டை போட்டுட்டேன். எங்கம்மாவைப் பத்தி நானே சொல்றேன், கேக்குறீங்களா?"