அழித்த பிறகும் வந்த படம்

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து விஜயகுமாரி வீடு வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். முதலிபாளையம் முழுக்கக் கரண்ட் இல்லை. செருப்பைக் கழற்றியவள் கைகால்கூடக் கழுவவில்லை. பஞ்சுத் தூசு படிந்த தலையோடு பாயில் உட்கார்ந்து, மகளிடம் செல்போனை நீட்டினாள்.

"இதப் பாரு ஜனனி. உன்ற கூடப் படிக்கறாளே, எங்க கம்பெனி கட்டிங் மாஸ்டரு பொண்ணு அன்புசெல்வி, அவ பண்ணியிருக்கற காரியத்த."

ஜனனி பார்த்தாள். கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த ஓர் இன்டர்நெட் பக்கத்தை யாரோ செல்போனால் எடுத்த படம். திரையில் அன்புசெல்வி, பள்ளி ஆண்டு விழாவில் ஆடிய பச்சைப் பாவாடையோடு, இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் பெயரும் அவளுடைய அப்பா சிவராஜின் செல் நம்பரும் இருந்தன. 'ஃப்ரெண்ட்ஷிப் வேணும், கூப்பிடுங்க' என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அதற்குக் கீழே முகம் தெரியாத ஆண்கள் எழுதிவிட்டுப் போன வரிகள். வாய்விட்டுப் படிக்க முடியாதவை.

அந்தப் பக்கத்தை உண்டாக்கியவள் ஜனனிதான். போன சனிக்கிழமை, பிரவுசிங் சென்டரில், அரை மணி நேரத்தில். பயம் வந்து நேற்று சாயங்காலம் அவளே போய் அழித்தும் விட்டாள். அழித்தது எப்படி அம்மாவின் போனிலேறி வீட்டுக்கு வந்தது?

"இது உனக்கு யாரும்மா குடுத்தா?"

"செக்கிங் டேபிள்ல எல்லார்த்த போன்லயும் இருக்குது. டீ டைம்ல ஒருத்தி போன்ல இருந்து இன்னொருத்தி போனுக்கு புளூடூத்துல ஏத்திட்டே வந்தாளுக. எனக்கெங்க இங்கிலீசு தெரியுது? சூப்பர்வைசருதான் சத்தமாப் படிச்சுக் காட்டுனாரு. ஒரே சிரிப்பு."

"நீயும் சிரிச்சியா?"

"சிரிச்சேன். பொறகு மனசு கேக்கல. பெத்தவனுக்குத் தெரியோணுமில்ல? நாந்தான் மாஸ்டர்கிட்டக் கொண்டுபோயிக் காட்டினேன். நாலு நாளாக் கண்டவனெல்லாம் போன் பண்ணி 'அன்பு இருக்குதா'ன்னு கேட்டுட்டே இருந்தானுகளாமா. எதுக்குன்னு தெரியாம முழிச்சிட்டு இருந்த மனுசன். படத்தப் பாத்ததும் மெசினை நிறுத்திப்போட்டு ஊட்டுக்குப் போயிட்டாரு."

வரும் வழியில் சிவராஜ் வீட்டில் எட்டிப் பார்த்திருக்கிறாள் விஜயகுமாரி. அடியென்றால் அப்படியொரு அடி.

"'நான் போடலீங்கப்பா'ன்னு அந்தப் புள்ள அழுவுது. 'ரேசன் கார்டுல பேரு ஏத்தறதுக்கே ஆளு நேர்ல போயி நிக்கோணும். நீ போகாம உன்ற பேரும் போட்டாவும் எப்படி ஏறும்?'னு அவரு கேக்கறாரு. நாயந்தானே? நாளைக்கு வெடியால அஞ்சரை மணி பஸ்சுக்கு உடுமலப்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. மாமன் ஊட்டுல விட்டுப்போட்டு, தை மாசம் கட்டிக் குடுத்தர்றாங்களாமா. இனிப் பள்ளிக்கூடமில்ல."

ஜனனி செல்போனைப் பாயில் கவிழ்த்து வைத்தாள்.

அவளுக்கும் அன்புசெல்விக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே ஆகாது. அம்மா கம்பெனியில் கிலோக் கணக்கில் வாங்கிவரும் கழிவு பனியன்களைத்தான் ஜனனி போடுவாள். கம்பெனியில் அந்தக் கழிவுக்குப் பெயர் 'செகண்ட்ஸ்'. அதையே அன்பு அவளுக்கும் பெயராக வைத்தாள். "செகண்ட்ஸ் வந்துட்டா, தள்ளி உக்காருங்கடி, தையல் பிரிஞ்சிரும்." ஜனனி அவள் சடையில் சூயிங்கம் ஒட்டுவாள். அன்பு தொடையில் கிள்ளுவாள். டீச்சர் இரண்டு பேரையும் முட்டிபோட வைப்பார். கிள்ளிய இடம் இரண்டு நாளில் ஆறும். மணி அடித்தால் அவரவர் வீடு. அந்தச் சண்டை எந்த வீட்டுக்குள்ளும் வந்ததில்லை.

இதையும் அப்படித்தான் நினைத்தாள். இன்னும் கொஞ்சம் பெரிய கிள்ளு.

"அம்மா."

"என்ன கண்ணு?"

"அது அன்பு போடல. நாந்தான் போட்டேன்."

விஜயகுமாரி ஓங்கிய கை மேலேயே நின்றது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை தானாக இறங்கியது.

"போட்டா ஏது?"

"ஆண்டு விழாவுல உன்ற போன்லதான் எடுத்தேன். நம்பரும் இதுலதான் இருந்துச்சு."

விஜயகுமாரி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்பக் கம்முனு இரு. மாஸ்டரு சொன்னாத்தான் எனக்குச் செக்கிங்ல வேலை. உன்ற பேரு வெளிய வந்தா நாளைக்கு உன்னையும் இப்படித்தான் படம்புடிச்சு ஊரெல்லாம் அனுப்புவாங்க. போயிப் படு."

இரண்டு பேரும் படுத்தார்கள். யாரும் தூங்கவில்லை. பன்னிரண்டரைக்குச் செல்போன் உறுமியது. சாமளாபுரத்தில் தறி ஓட்டும் சித்தி, நைட் ஷிப்டிலிருந்து அனுப்பியிருந்தாள். அதே பச்சைப் பாவாடை. கூடவே, ஜனனி எழுதாத புதுத் தலைப்பு ஒன்று.

விஜயகுமாரி தங்கைக்குப் போன் போட்டாள். "உனக்கு எப்படி வந்துச்சு?"

"இங்க ரெண்டு நாளா ஓடுது. உங்கூருப் புள்ளயாமா? கருமம். உன்ற பொண்ணப் பத்திரமா வெச்சுக்கக்கா."

ரெண்டு நாள். ஜனனி அழிப்பதற்கு முன்பே அது ஊர் தாண்டியிருக்கிறது. அவள் எழுந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"அழிச்சாப் போயிரும்னு நெனச்சேம்மா."

விஜயகுமாரி புரண்டு படுத்தாள். நாலரை மணிக்கு எழுந்து முகம் கழுவி, வேலைக்குப் போவதுபோலச் சேலையைச் சுற்றிக்கொண்டு, "எந்திரி" என்றாள்.

கரண்ட் வந்திருந்தது. சிவராஜ் வீட்டில் விளக்கு எரிந்தது. கதவு திறந்தே இருந்தது. நடையில் ஒரு பை, மேலே மடித்துவைத்த துண்டு. அன்புசெல்வி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது.

"ஏனுங்கண்ணா, இவ ஒண்ணு சொல்லோணுமாமுங்க," என்று விஜயகுமாரி மகளை முன்னால் தள்ளினாள்.

ஜனனி சொன்னாள். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சிவராஜ் கோபப்படவில்லை. கணக்குப் புரியாதவர் போல அவளைப் பார்த்தார்.

"ஆளு போகாமப் பேரு ஏத்த முடியுமா?"

"முடியுங்க. உங்க பேருல வேணும்னாலும் இப்பவே ஏத்தலாமுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். மகளை அடித்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தார்.

அன்புசெல்வி திரும்பினாள். ஜனனி காத்திருந்தாள். கிள்ளட்டும், அறையட்டும், காறித் துப்பட்டும் என்று இருந்தது. அன்பு கிட்டே வரவில்லை.

"எத்தன பேரு பாத்திருப்பாங்கடி?"

ஜனனிக்குத் தெரியவில்லை. சூயிங்கம் ஒட்டிய அன்று சிரித்தவர்கள் ஒன்பது பேர். பெயர் பெயராக இன்றும் சொல்வாள்.

வெளியே அஞ்சரை பஸ் ஹாரன் அடித்தது. நின்றது, கிளம்பியது. பையை யாரும் தொடவில்லை.

அப்போது ஜன்னலில் இருந்த சிவராஜின் செல்போன் அடித்தது. அன்பு காதைப் பொத்திக்கொண்டாள். சிவராஜ் நம்பரைப் பார்த்துவிட்டு, அதை ஜனனியிடம் நீட்டினார்.

"நீயே எடு சாமி. எடுத்துச் சொல்லு."

ஜனனி பச்சைப் பொத்தானை அமுக்கினாள். போனுக்குள் மெசின் இரைச்சல். ஒரு ஆண் குரல் இழுத்துக் கேட்டது: "அன்பு இருக்குதா?"

"அந்தப் பேருல போட்டது நானுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. படத்த அழிச்சிருங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அப்ப உன்ற பேரென்ன?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"ஜனனிங்க," என்றாள்.

வைத்துவிட்டாள். போனைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினாள். கொடுப்பதற்குள் அது மறுபடியும் அடித்தது.