ஃபேன் ஓடும் சுருதி

ஃபேன் நின்றுகொண்டிருக்கிறது, ஒரேயடியாக நின்றுவிடாமல், சுவிட்சை அணைத்த பிறகும் மனசில்லாமல் சுற்றி, இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, ஓரத்தில் படிந்த கரித்தூசும் தெரிந்து, கடைசியில் லேசாகப் பின்னுக்கு ஆடி அமர்கிறது, அதன்பின் அந்த ஹவுசிங் போர்டு வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது, அம்மா மிக்ஸியைத் தொடக்கூடாது, எஸ்தர் கொலுசைக் கழற்றி வைத்துவிட வேண்டும், தண்டையார்பேட்டையின் மதிய வெயில் முழுக்க அந்த ஒற்றை அறைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, தம்பி ஆரோன் பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்து, அம்மாவின் புடவைகளுக்குள் மைக்கைச் செருகி, தலையையும் உள்ளே விட்டுக்கொள்வான், எதிரொலி இல்லாத ஸ்டுடியோ வடசென்னையிலேயே இது ஒன்றுதான் என்று பீற்றிக்கொள்வான், க்கா, போடு என்பான், எஸ்தர் லேப்டாப்பில் தான் டிரம் தாளத்தால் செய்த பீட்டை ஓடவிடுவாள், அது ஹெட்ஃபோனில் அவன் காதில் மட்டும் கேட்கும், வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அவன் புடவைகளோடு சண்டை பிடிக்கிற ஆள் மாதிரி இருப்பான், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், சிரிப்பும் சத்தம்தான் என்று அவன் கையை மட்டும் வெளியே நீட்டி மிரட்டுவான்.

க்கா, உன் பீட்டுல அடி கீது, அழுகதான் இல்ல, என்று அவன் சொன்னது எஸ்தருக்கு அப்போது சுருக்கென்று தைத்தது, டிரம்ம மட்டும் வச்சிகினு எவ்ளோ நாள் ஓட்டுவ, கீபோர்டுல கார்டு கத்துக்கோ என்றான், செல்ஃபோன் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்குப் பாட்டு வாத்தியார் வேறயா என்று அவள் திருப்பிக் கேட்டாள், பிறகு கற்றுக்கொண்டாள், அவன் கேட்க முடியாமல் போன பிறகு. அவள் கடையில் இருந்த ஒரு மதியம், அவன் தானே லேப்டாப்பைத் தட்டிவிட்டுப் பாடிக்கொண்டிருக்கையில், குழாயடியிலிருந்து குடத்தோடு ஏறிவந்த அம்மா வேர்த்து வடிந்து, ஞாபகமில்லாமல் ஃபேனைப் போட்டுவிட்டாள், அவன் பாட்டை நிறுத்தவில்லை, முழுக்கப் பாடி முடித்துவிட்டுத்தான் கத்தினான், யம்மா, எத்தினி தபா சொல்றது, ரெக்கார்டிங் ஓடுதுல்ல, அறிவே இல்லியா உனக்கு. அம்மா தண்ணீரை டிரம்மில் கொட்டிவிட்டு அடுத்த குடத்துக்கு இறங்கிப் போனாள், திரும்பி வந்தபோது அவனும் இல்லை, பைக்கும் இல்லை, சாயங்காலம் எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி அடித்துவிட்டதென்று ஆட்கள் வந்து சொன்னார்கள். அம்மாவுக்கு லாரிக்காரன் மேல் கோபமே வரவில்லை, அந்த சுவிட்சு மேல்தான் வந்தது, கோவத்துல போன புள்ளடி, நான் ஃபேன் போட்டுத்தான் அவன அனுப்பிச்சிட்டேன், என்று ஒருமுறை சொன்னாள், அப்புறம் சொல்லவேயில்லை, அன்றிலிருந்து மதியத்தில் அந்த வீட்டில் ஃபேன் ஓடுவதில்லை, அவள் கேலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு, யாரோ பீரோவுக்குள் பாடிக்கொண்டிருப்பது போலச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

வருஷ நினைவு ஜெபம் நெருங்குகிறது, அவன் கூட்டாளிகள் எல்லாம் வருவார்கள், அன்றைக்கு, ஃபேன் ஓட அவன் பாடிவிட்டுப் போன அந்தக் கடைசிப் பாட்டு அழுகையோடு ஓட வேண்டும் என்று எஸ்தருக்கு வெறி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடியோ பார்த்துக் கற்கிறாள், மூன்று சுரங்கள் ஒன்றாக ஒலித்தால் ஒரு கார்டு, நடுவில் இருப்பதை அரைப்படி கீழே இறக்கினால் சிரித்த முகம் தொங்கிப்போகிறது, ஒரு கார்டு வீடு, மற்றதெல்லாம் வீட்டை விட்டு வெளியே போய்த் திரிகிறவை, ஐந்தாவது கார்டு மட்டும் வாசலில் வந்து நின்று உள்ளே வரட்டுமா என்று கேட்கும், அப்படியே விட்டால் நெஞ்சு அடைக்கும், கோயிலில் ஆமென் என்று இழுக்கும்போது ஆர்கன் வீட்டுக்குள் வந்து உட்காருவது இப்போது அவளுக்குத் தெரிகிறது, தெரிந்ததும் அங்கேயே அழுகை வந்துவிட்டது, தூக்கத்தில் பீரோ திறந்திருக்கிறது, அவன் முதுகு தெரிகிறது, க்கா, போடு என்கிறான், அவள் போடுகிறாள், எந்தக் கார்டு போட்டாலும் அவன் தலையை ஆட்டுகிறான், இல்ல, இல்ல.

விழித்த பிறகும் அதே கதைதான், எந்தக் கார்டை அவன் குரலுக்கடியில் வைத்தாலும் சோற்றில் கல் மாதிரி நெருடியது, கீபோர்டில் ஒரு கட்டை கீழே போனாலும் நெருடியது, மேலே போனாலும் நெருடியது, சரி, குரலையே கொஞ்சம் இழுத்துக் கட்டையோடு சேர்த்துவிடுவோம் என்று மென்பொருளில் இழுத்தாள், சேர்ந்துவிட்டது, அச்சாகச் சேர்ந்துவிட்டது, அப்போது அடுப்படியில் இருந்து அம்மா கேட்டாள், யார்டி இது, யாரு வூட்டுப் புள்ள. எஸ்தருக்குச் செத்தவனை இன்னொரு தடவை சாகடித்த மாதிரி இருந்தது, இழுத்ததை அழித்துக் குரலைப் பழையபடி ஆக்கினாள்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ஃபேன் இரைச்சலால்தான் என்று பட்டது, பாட்டு நெடுக அது ஊம் என்று அடியில் ஓடுகிறது, அதைத் துடைத்து எடுக்கலாம், ஆனால் எது இரைச்சல் என்று மென்பொருளுக்கு முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும், குரல் கலக்காமல் ஃபேன் மட்டும் ஓடுகிற ஒரு துண்டு வேண்டும், அது பாட்டு முடிந்த பிறகுதான் இருக்கும், ரெக்கார்டிங்கில் ஏறிவிட்ட அந்தத் திட்டுக்கு அப்பால். அந்தத் திட்டைத் தாண்டி அவள் ஒருநாளும் போனதில்லை, அறிவே இல்லியா உனக்கு என்ற இடத்தில் விரல் தானாக நிறுத்திவிடும், இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடவிட்டாள், தண்ணீர் கொட்டுகிற சத்தம், அம்மாவின் செருப்பு படியிறங்கிப் போவது, பிறகு ஃபேன், வெறும் ஃபேன், இதுதான் என்று அவள் அந்தத் துண்டைப் பிடிக்கப்போகும்போது, பீரோவுக்குள்ளிருந்து அவன் முனக ஆரம்பித்தான், ஃபேனோடு சேர்ந்து முனகினான், விலகிப்போய்த் திரும்ப வந்து அதன் மேல் உட்கார்ந்தான், விரலால் பீரோக் கதவில் தாளம் போட்டான், லேசாகச் சிரித்தான், அப்புறம், படியிறங்கிப் போய்விட்ட அம்மாவைப் பார்த்து, யம்மா, வுடு, ஓடட்டும், ஃபேனு நல்லாத்தான் பாடுது.

அழுது முடித்த பிறகுதான் காது திறந்தது, ஃபேனின் சுரம் கீபோர்டின் எந்தக் கட்டையிலும் இல்லை, ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே, அடுத்ததற்குக் கீழே, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அவன் பாட்டு நெடுக அதைத்தான் பிடித்துக்கொண்டு பாடியிருக்கிறான், அவனைக் கீபோர்டிடம் இழுத்ததுதான் தப்பு, அவள் மொத்தக் கீபோர்டின் சுருதியையும் ஒரு துளி ஏற்றி ஃபேனிடம் கொண்டுபோனாள், அதையே வீடாக வைத்துத் தொங்கின முகத்துக் கார்டு ஒன்றைக் கட்டினாள், நெருடவில்லை, தம்பி அதன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டான்.

மதியம் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள், அவன் குரல் வந்ததும் பழக்கதோஷத்தில் அம்மாவின் கேலண்டர் அட்டை பாதியில் நின்றுவிட்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டாள், கார்டுகள் வீட்டை விட்டுப் போய்த் திரிந்து திரும்பின, பாட்டு முடிந்து திட்டு வந்தபோது, நிறுத்துடி, என்று அம்மா முகத்தை மூடிக்கொண்டாள், எஸ்தர் நிறுத்தவில்லை, தண்ணீர் கொட்டியது, செருப்பு இறங்கிப் போனது, அவன் முனகினான், சிரித்தான், சொன்னான். அம்மா கையை எடுக்காமல் கேட்டாள், இன்னொரு தபா போடு. போட்டாள். அதற்கப்புறம் அம்மா முட்டியில் கை ஊன்றி எழுந்து சுவரோரம் போனாள், லேப்டாப்பில், அவன் சொல்லி முடித்ததற்கும் பிறகு, ஐந்தாவது கார்டு வாசலில் வந்து நின்றது, அதோடு எல்லாம் முடிந்தது, வீட்டுக்குள் கூப்பிடுகிற கடைசிக் கார்டை எஸ்தர் வைக்கவேயில்லை, வைக்க மனசு வரவில்லை, நெஞ்சடைக்க அவள் உட்கார்ந்திருக்கும்போதே சுவிட்சின் சத்தம் கேட்டது, தலைக்கு மேல் இறக்கைகள் மனசில்லாமல் அசைந்து, தூசு கொட்டி, வேகம் பிடித்து, ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு மறைந்து, அந்த ஊம் அறை முழுக்க இறங்கியது, அதே சுரம். புடவைத் தலைப்பு பறக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே, ஓடட்டும், என்றாள் அம்மா.