ஒன்பதாம் பல்லுக்குப் பின்னால்

பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரை அச்சேற நான்கு மாதம் இருந்தபோதுதான் அவள் அதிலிருந்த படத்தைப் பார்த்தாள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன முதலையின் மண்டையோடு. இது இதுவரை யாரும் அறியாத தனிப் பேரினம் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். ஆதாரம், வலது மேல்தாடையில் ஒன்பதாம் பல்லுக்குப் பின்னாலிருந்த பள்ளம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வலது தாடையைப் பாறையிலிருந்து பிரித்தெடுத்தது அவள்தான். புதைபடிவக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. பாறை எது, எலும்பு எது என்று கண்ணுக்குப் பிடிபடாத காலம். அந்த இடத்தில் பாறையைச் செதுக்கும் அதிர்வூசி ஓடும்போது தூள் கொஞ்சம் பழுப்பாக, எலும்பின் நிறத்தில் பறந்தது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

அன்றிரவு அவள் சொன்னதைக் கேட்டுத் தங்கை சிரித்தாள். "செத்துப் பத்துக் கோடி வருஷம் ஆச்சு. அது வந்து உன்மேல கேஸ் போடப் போகுதாக்கா? வேலை வேணும்னா வாயை மூடிக்கிட்டு இரு."

"பன்னெண்டு வருஷமா மூடிக்கிட்டுத்தானேடி இருந்தேன்."

மறுநாள் காலை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது சார். இடது தாடை இன்னும் பாறைக்குள்ளதான் இருக்கு. அங்கயும் பள்ளம் இருந்தா உங்க முதலை பிழைச்சுது. இல்லன்னா அது என் கைவேலை."

"அந்தப் பாறை இரும்பு மாதிரி. ஆறு மாசம் ஆகும்மா."

"நாலு மாசத்துல எடுக்கறேன்."

"எடுத்து உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கப் போற."

"போட்டுக்கறேன் சார். பாதியில மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க."

மண்டையோட்டை மணல்மூட்டையில் சாய்த்து, உருப்பெருக்கிக்குக் கீழே குனிந்தாள். ஒரு நாளைக்கு நகக்கண் அகலம்தான் நகர்ந்தது. ஊசிமுனைகள் முறிந்தன. மணிக்கட்டு வீங்கியது, துணி சுற்றிக்கொண்டாள். தினமும் மாலை பேராசிரியர் வந்து, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார்.

நான்காம் மாதம் ஒன்பதாம் பல் வெளிப்பட்டது. அதன் பின்னால் எலும்பு வழவழவென்று நேராக ஓடியது. பள்ளம் இல்லை. யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாதென்று பன்னிரண்டாம் பல் வரை எடுத்துவிட்டுத்தான் அவரை அழைத்தாள்.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

"ரெண்டு வருஷ உழைப்பும்மா."

"தெரியும் சார்."

"நடந்ததை எழுதித் தரணும். கையெழுத்தோட."

அவள் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். நின்றபடியே படித்து முடித்தார்.

"நாளைக்கு நான் வரலாமா சார்?"

"கட்டுரையை இன்னிக்கே திரும்பக் கேட்டுடறேன்," என்றார் அவர். கதவருகே போய்த் திரும்பினார். "பன்னெண்டோட நிறுத்திட்டியே, மிச்சப் பல்லையெல்லாம் யாரு எடுப்பா?"